பச்சை விளக்கு யாருக்கு?

(படிப்பு வட்டமொன்றில் ஆற்றிய சொற்பொழிவு)



கார்டிங் மிஷினில் கை சிக்கியவரையும், வரப்பிலே பாம்பு தீண்டியவரையும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் நாம். ஒரு நிமிஷத்தின் விலை நமக்குத் தெரியும். ஆகவே, அமெரிக்க நாட்டுத் தெருவிளக்கு ஒன்றைப் பற்றி நாம் பேச வந்தால், “அது நமக்கெதற்கு?” என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள்.

நாற்சந்தியில் சிவப்பு விளக்கு எரிகிறது. பின்னால் ஆம்புலன்ஸ் அலறுகிறது. முன்னால் நிற்கும் கார்கள் எங்கே ஒதுங்கும்? இதற்கு 1960-களின் பிற்பகுதியில் மின்னசோட்டா மாநிலத்தின் த்ரீ எம் கம்பெனி ஒரு வழி கண்டது. ஆப்டிகாம் என்று அதற்குப் பெயர். வண்டியின் கூரைமேல் ஒரு விளக்கு. அது வினாடிக்குச் சுமார் 14 தடவை வெட்டி வெட்டி ஒளிரும். சந்தியின் கம்பத்திலே ஒரு கண் உண்டு. அந்தத் துடிப்பைக் கண்டதும் அது மூலையிலுள்ள பெட்டிக்குத் தகவல் கொடுக்கும். பெட்டி உடனே பச்சையைப் போட்டுவிடாது. போட்டால் குறுக்கே வருகிறவன் கதி என்ன? முதலில் குறுக்குச் சாலைக்கு மஞ்சள், பிறகு சிவப்பு, அதன் பிறகே ஆம்புலன்ஸுக்குப் பச்சை. வண்டி தாண்டியதும் பழைய முறைக்குத் திரும்பிவிடும். பஸ்ஸுக்கும் இந்த வசதி உண்டு. ஆனால் துடிப்பு குறைவு, வினாடிக்குச் சுமார் 10; அதற்கேற்ப உரிமையும் குறைவு.

நல்ல ஏற்பாடுதான். விஞ்ஞானத்தை நாம் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. பழைய பெட்டி துடிப்பை மட்டுமே எண்ணியது, “நீ யார்?” என்று கேட்கவில்லை. 2003 வாக்கில் அதே துடிப்பை வீசும் சிறு கருவிகள் இன்டர்நெட் கடையிலே விலைக்கு வந்துவிட்டன. சில நூறு டாலர் கொடுத்தால் போதும், காரில் செருகிக்கொள்ளலாம். சாலை பொதுச்சொத்து, விளக்கு மக்கள் வரிப்பணம். பச்சை மட்டும் கடைச்சரக்கு!

இதில் உயிர் எங்கே போகிறது என்று பாருங்கள். இரண்டு சாலைகளிலிருந்து ஒரே தரத்துத் துடிப்பு வந்தால், முதலில் கண்ணில் பட்டதற்கே வழி. கள்ளக்கருவிக்காரன் முந்திக்கொண்டால் குறுக்குச் சாலையில் வரும் ஆம்புலன்ஸ் சிவப்பிலே நிற்கும்.

2005-ல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட்டது. அனுமதியில்லாமல் உபயோகித்தால் ஆறு மாதம் வரை சிறை. கண்டவருக்கு விற்றால் ஐந்து வருஷம் வரை. விற்பவனுக்கே கூடுதல் தண்டனை, அது நியாயமே. ஆனால் 2006-ல் கொலராடோவில் பிடிபட்ட ஒருவருக்கு உள்ளூரில் விதித்த அபராதம் 50 டாலர்தான்! விளக்குகள் முறைதவறி மாறுவதைக் கவனித்த நகரப் பொறியாளர்களே அவரைக் காட்டிக்கொடுத்தார்கள்.

அவர் கோடீஸ்வரர் என்று சொல்லி உங்கள் கைதட்டலை வாங்க நாம் விரும்பவில்லை. எப்போதும் நேரமாகிவிடுகிறது என்பதுதான் அவர் சொன்ன காரணம். கேட்டில் நேரம் தவறி அரைநாள் கூலி இழந்த நமக்கு அந்தப் பதைப்பு புரியாதா? புரிகிறது. ஆனாலும் ஆம்புலன்ஸில் படுத்திருப்பவனுக்கு அதைப் போய்ச் சொல்ல முடியுமா, தோழர்களே?

பிறகு வந்த கருவிகளில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு எண். துடிப்போடு அந்த எண்ணும் போகும். பட்டியலில் இல்லாத எண்ணுக்குப் பெட்டி அசையாது. ஆனால் சந்திக்குச் சந்தி பழைய பெட்டியைக் கழற்றிப் புதியதை மாட்ட நகரசபைக்குப் பணம் வேண்டும்.