ஆளில்லாத் தீவும் எழுதி வைத்த ஏடும்

(பீடோங் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்களிடையே தகவல் அதிகாரி ஆற்றிய உரை)



நம் பீடோங்கிலிருந்து நேர் மேற்கே ஒரு கோடு இழுத்தால், அது மெர்போக் வட்டாரத்தைக் கடந்து மலாக்கா நீரிணையில் இறங்கும். அதே திசையில் 150 கிலோமீட்டருக்கு மேல் சென்றால், நடுக்கடலில் ஒரு பாறை தலைநீட்டி நிற்கும். அதன் பெயர் பூலாவ் பேராக். பெயரைக் கேட்டு அது பேராக் மாநிலத்திற்கு உரியதென்று எண்ணிவிடாதீர்கள். அது நம் கெடா மாநிலத்தைச் சேர்ந்தது. மலேசியாவின் மேற்குக் கோடியில் உள்ள நிலம் அதுவே.

அங்கே ஊர் இல்லை, சந்தை இல்லை; ஒரு ரப்பர்க் கன்றை ஊன்றவும் மண் இல்லை. கடற்பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. "இப்படிப்பட்ட மொட்டைப் பாறையால் நமக்கு என்ன பயன்?" என்று நீங்கள் கேட்கலாம்.

பயன் கடலில் இருக்கிறது. 1982ஆம் ஆண்டின் ஐக்கிய நாட்டுக் கடற்சட்ட ஒப்பந்தத்தை மலேசியா 1996இல் உறுதிப்படுத்தியது. அதன்படி, நீரேற்றத்தின்போதும் மூழ்காத பாறை ஒன்றிருந்தால், அதைச் சுற்றி 12 கடல்மைல், அதாவது ஏறக்குறைய 22 கிலோமீட்டர் வரை, கடல் அந்த நாட்டுக்கு உரியதாகலாம். மக்கள் வாழ இயலாத பாறைக்கு அதற்கப்பால் 200 கடல்மைல் பொருளாதார வட்டாரம் கிடையாது. ஆயினும், கிடைக்கின்ற நீர்ப்பரப்பே பெரிது.

ஆளில்லாத் தீவுக்கும் ஆட்சி உண்டு. நம் அரசியலமைப்புச் சட்டத்தில் நிலம் மாநில அரசின் பொறுப்பு. தற்காப்பும் வெளிநாட்டு உறவும் கூட்டரசின் பொறுப்பு. ஆமைகளைப் பற்றிய அதிகாரம்கூட மாநிலத்திற்கென்று எழுதப்பட்டுள்ளது. ஆமையெல்லாம் ஒரு பொருட்டா என்று சிரிக்காதீர்கள். அந்த ஆமைதான் நமக்கு இரண்டு தீவுகளைப் பெற்றுத்தந்தது!

சபா கரைக்கு அப்பால் சிப்பாடான், லிகித்தான் என்னும் இரு சிறு தீவுகள் உள்ளன. அவற்றை மலேசியாவும் இந்தோனேசியாவும் உரிமை கொண்டாடின. வழக்கு அனைத்துலக நீதிமன்றத்திற்குச் சென்றது. இரு தரப்பும் காட்டிய பழைய ஒப்பந்தங்கள் நீதிபதிகளுக்குப் போதவில்லை. அத்தீவுகளை உண்மையில் நிர்வகித்தவர் யார் என்று அவர்கள் ஆராய்ந்தனர். 1917இல் ஆமை முட்டை சேகரிப்பை ஒழுங்குபடுத்திய சட்டம், 1933இல் சிப்பாடானைப் பறவைச் சரணாலயமாக்கிய ஆணை, 1962, 1963ஆம் ஆண்டுகளில் எழுப்பிய கலங்கரை விளக்கங்கள் ஆகியவற்றை மலேசியா எடுத்துக்காட்டியது. 2002 டிசம்பர் 17இல், 16 நீதிபதிகள் நம் பக்கமும் ஒருவர் எதிராகவும் நின்று தீர்ப்பளித்தனர்.

இதன் மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜோகூருக்கு அப்பாலுள்ள பத்து பூத்தே பாறை தொடக்கத்தில் ஜோகூருக்கே உரியதாயிருந்தது என்பதை அதே நீதிமன்றம் ஏற்றது. ஆனால், அந்தப் பாறையின் உடைமையைத் தாங்கள் கோரவில்லை என்று 1953இல் ஜோகூர் அதிகாரி ஒருவர் எழுதிய கடிதம் பெரும் சான்றாயிற்று. 2008 மே 23இல் பாறை சிங்கப்பூருக்குச் சென்றது. அருகிலுள்ள நடுப்பாறைகள் மட்டுமே நமக்குக் கிடைத்தன.

ஓர் ஏடு தீவைத் தந்தது. ஒரு கடிதம் தீவைக் கொண்டுபோயிற்று.

நான் ஆசிரியனாகப் பணியாற்றிய காலத்தில், தோட்டத்துச் சிறுவன் ஒருவன் வகுப்பில் முதல்வனாக இருந்தான். அவனிடம் பிறப்புப் பத்திரம் இல்லை. "பிள்ளைதான் கண்முன்னே நிற்கிறானே, ஐயா! அதற்கு மேல் தாள் எதற்கு?" என்றார் அவன் தந்தை. தேர்வுக்குப் பெயர் எழுதும் நாள் வந்தபோது, கண்முன்னே நின்ற பிள்ளையால் பயனில்லாமற் போயிற்று. அந்தத் தந்தை அன்று பெரட்டுக்களத்தில் நின்று கண்கலங்கியது இன்றும் என் நினைவில் உள்ளது.

பெருமக்களே! ஒரு நாள் பேர் செக்ரோலில் விழாவிட்டால் கிராணியிடம் ஓடிக் கேட்கிறோம். ஒரு நாள் கூலிக்கு அவ்வளவு கவனம்! ஒரு பிள்ளையின் ஆயுட்காலத்திற்கு எவ்வளவு கவனம் வேண்டும்? குழந்தை பிறந்த 60 நாட்களுக்குள் பதிவு செய்யுங்கள். பிள்ளைக்கு 12 வயதானதும் அடையாளக் கார்டு எடுத்துக் கொடுங்கள். பழைய தாள்களைக் கறையானுக்கு விடாமல் தகரப் பெட்டியில் பூட்டி வையுங்கள். தவறிப்போனவர்கள் காலம் கடந்ததென்று சோர்ந்துவிடாமல், தேசியப் பதிவு இலாகாவில் தாமதப் பதிவுக்கு விண்ணப்பம் செய்யுங்கள்.

பறவைகள் வாழும் பாறைக்கே பதிவு வேண்டியிருக்கிறது. நம் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு வேண்டாமா?