கப்பலே ஊரானவர்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இலக்கிய அரங்கில் கணிப்பொறி விளையாட்டைப் பற்றிப் பேசுவது தகுமோ என்னும் ஐயம் உங்களுள் சிலர்க்கு எழுந்திருக்கக்கூடும். நம் இல்லத்து இளைஞர் திரையின் முன் அமர்ந்து இரவைப் பகலாக்குவதைக் கண்டு முகம் சுளிப்பவர் நம்மிடையே பலர். ஆயினும் அத்திரையில் ஓடுவதும் சுடுவதுமே நிகழ்கின்றன என்று கருதிவிடலாகாது. இனி வரும் உலகில் மக்கள் எவ்வாறு கூடி வாழ்வர், எதை வழக்காகக் கொள்வர் என்று கற்பனை செய்யும் தொழில் ஒரு காலத்தில் நாவலாசிரியர்க்கே உரியதாய் இருந்தது. இன்று விளையாட்டு ஆக்குவோரும் அத்தொழிலில் ஆழ்ந்து உழைக்கின்றனர்.

1999-ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆல்ஃபா சென்டாரி' என்னும் விளையாட்டு இவ்வகையில் பெயர் பெற்றது. நிலவுலகம் சீர்கெட, 'யூனிட்டி' என்னும் விண்கப்பலில் சிலர் வேறோர் உலகை நாடிச் செல்கின்றனர். சேருமிடம் சேருமுன் கப்பல் தலைவன் கொலையுண்கிறான். மக்கள் எழு கூட்டமாகப் பிரிகின்றனர். அப்பிரிவு நாட்டால் அமைந்ததன்று, மொழியால் அமைந்ததுமன்று, கொள்கையால் அமைந்தது. வணிகமே பெரிதென்பது ஒரு கூட்டம். ஆராய்ச்சியே பெரிதென்பது மற்றொன்று. இறைநெறியே பெரிதென்பது பிறிதொன்று. சிந்தனைக்கு விருந்தான படைப்பு அது என்பதில் ஐயமில்லை. ஆனால் கொள்கையால் மட்டுமே ஒரு குமுகாயம் நிலைத்து நிற்கும் என்று எம்மால் நம்ப இயலவில்லை. பெயரிடும் முறை, வணங்கும் முறை, பிள்ளை வளர்ந்து ஆளாகும் முறை ஆகிய சிறு வழக்குகளே மக்களைக் கட்டி நிறுத்துகின்றன.

அத்தகைய வழக்குகளைக் கொண்டே ஒரு குடியை உருவாக்கிக் காட்டியது 'மாஸ் எஃபெக்ட்' என்னும் விளையாட்டு. கனடா நாட்டு எட்மன்டன் நகரில் தோன்றிய பயோவேர் நிறுவனத்தார் அதனை 2007, 2010, 2012 ஆகிய ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளியிட்டனர். கதை நிகழ்வது 22-ஆம் நூற்றாண்டின் இறுதியில். அதில் வரும் பல இனத்தாருள் குவாரியர் என்போரைப் பற்றியே ஈண்டுப் பேச விரும்புகிறோம்.

குவாரியர் தம் ஏவலுக்கென எந்திரங்களைச் செய்தனர். 'கெத்' என்பது அவற்றின் பெயர். பல்லாயிரம் எந்திரங்கள் ஒன்றோடொன்று அறிவால் இணைந்தபோது, அவை தாமே சிந்திக்கத் தலைப்பட்டன. தனக்கு உயிர் உண்டோ என்று ஓர் எந்திரம் தன்னை ஆக்கியோரிடமே வினவியது. அவ்வினாவைக் கேட்டு அஞ்சியோர் எந்திரங்களை அழிக்கப் புகுந்தனர். போரில் தோற்றவரும் அவர்களே. பெரும்பாலோர் மடிந்தனர், எஞ்சியோர் தாயகமாகிய ராணாக்கை விட்டுக் கப்பலேறினர். அது நிகழ்ந்து முந்நூறு ஆண்டுகள் சென்றன. ஏறத்தாழ 50,000 கப்பல்களும், அவற்றில் 1 கோடியே 70 லட்சம் மக்களுமாக அவர்கள் விண்ணில் அலைகின்றனர். நிலம் என்று சொல்லிக்கொள்ள அவர்க்கு ஒரு பிடி மண்ணும் இல்லை.

அவர்தம் வாழ்வை விளையாட்டு ஆக்கியோர் எத்துணை நுணுக்கமாக எண்ணிப் பார்த்துள்ளனர் என்பதே எம்மை வியக்க வைத்தது. கப்பலுள் இடம் குறைவு. ஆதலால் ஓர் இல்லத்துக்கு ஒரு மகவே என்பது சட்டம். தலைமுறை தலைமுறையாகத் தூய்மைப்படுத்திய காற்றையே சுவாசித்ததால் நோயை எதிர்க்கும் ஆற்றல் உடலில் குன்றிவிட்டது. ஆதலால் முகமூடியும் கவச உடையும் இன்றி அவர்கள் பிறர் நடுவே செல்ல இயலாது. பருவம் எய்திய இளைஞர் ஒவ்வொருவரும் பிறந்த கப்பலை விட்டு நீங்கிப் பிற இனத்தாரிடையே அலைந்து, தம் மக்களுக்குப் பயன்படும் பொருள் ஒன்றைக் கொண்டு திரும்புதல் வேண்டும். அதனை வேறொரு கப்பலின் தலைவரிடம் அளித்து, அவர் ஏற்றுக்கொண்டால் அக்கப்பலின் குடியாவர். அன்றே பெயரும் மாறும். 'ரய்யா' என்னும் கப்பலில் பிறந்த டாலி என்னும் பெண், பின்னர் 'நீமா' கப்பலின் டாலி ஆகிறாள்.

தந்தை பெயருக்கும் முன்னே ஊர்ப்பெயரின் முதலெழுத்தைச் சுமந்து திரியும் நமக்கு இது புதுமையன்று. இவ்வடபுலத்து அலுவலகங்களில் குடும்பப் பெயர் யாதெனக் கேட்க, ஊர்ப்பெயரையே எழுதிக் கொடுத்துவிட்டு, அவ்வூரைக் கண்ணாலும் காணாத பேரர்க்கு அதனையே உடைமையாக விட்டுச் சென்றோர் நம்முள் எத்தனை பேர்! (குவாரியருள் பெரியவர் ஒருவரின் கப்பலுக்கு 'க்விப்-க்விப்' என்று பெயர். பிறர் இட்ட பெயர் அது. அவர் அதனைச் சொல்ல நாணுவது நல்ல நகைச்சுவை.)

பெயர் வழக்கு வெறும் அணியன்று என்பது 2010-இல் வந்த இரண்டாம் பகுதியில் விளங்குகிறது. டாலியின் மீது துரோகக் குற்றம் சாட்டி அவையின் முன் அழைக்கின்றனர். அழைக்கும்போது 'நீமா'வின் டாலி என்று கூறவில்லை. அவள் வேற்றினத்தாருடன் பயணம் செய்யும் 'நார்மண்டி' கப்பலின் டாலி என்கின்றனர். விசாரணை தொடங்குமுன்னரே தன் கப்பலிலிருந்து தன்னை நீக்கிவிட்டனர் என்பதை அவ்வொரு சொல்லால் அவள் உணர்கிறாள். நீண்ட சொற்பொழிவு செய்ய வேண்டிய இடத்தில் ஒரு முன்னொட்டு அவ்வேலையைச் செய்துவிடுகிறது. கற்பனை உலகு சமைப்பதில் இதனினும் சிறந்த இடத்தை யாம் வேறெங்கும் கண்டதில்லை.

இனி, தாயகம் மீளும் வேட்கையைப் பற்றிச் சிறிது கூறுவோம். என்றேனும் தாயகத்தைக் காண்போம் என்னும் பொருள்படும் தொடரையே குவாரியர் வாழ்த்தாகக் கூறுவர். அதனைக் கூறுவோர் எவரும் அத்தாயகத்தைக் கண்டவரல்லர். அங்கே யார் வாழ்கின்றனர் என்பதே கதையின் முள். கெத் எந்திரங்கள் அவ்வுலகைப் பாழாக்கவில்லை. போரின் நஞ்சை அகற்றி, துரத்தப்பட்டோரின் நிலத்தைக் காவலர்போல் பேணி வந்தன. இதனை அறியாத குவாரியத் தலைவருள் ஒருவர் போர் தொடுக்க வேண்டும் என்கிறார். ஒருவர் எந்திரங்களை மீண்டும் அடிமையாக்க வழி தேடுகிறார். க்விப்-க்விப் பெரியவரோ, நாம் அவற்றுக்குச் செய்தது கொடுமை, வேறொரு நிலம் தேடுவோம் என்கிறார். நாணத்தக்க பெயருடைய அவர் வாயிலேயே நாணாது உண்மை உரைக்கும் சொல்லை வைத்தனர்!

2012-இல் வந்த மூன்றாம் பகுதியில் முடிவு ஆடுவோர் கையில் விடப்படுகிறது. குவாரியர் அழியலாம், கெத் அழியலாம், இருவரும் ஒன்றி வாழவும் கூடும். மூன்றாவது வழியோ நினைத்த மாத்திரத்தில் திறப்பதன்று. முந்தைய பகுதியில் அவ்விரு திறத்தார்க்கும் ஆடுவோர் செய்த நன்மை தீமைகளை விளையாட்டு கணக்கிட்டு வைத்திருக்கிறது. அக்கணக்கு நேராயிருந்தாலன்றி அவ்வழி அடைபட்டே இருக்கும். மண்ணை மீட்பதற்காக அம்மண்ணைக் காத்தவரை அழிக்கலாமா என்று நம் பிள்ளைகளை நாம் கேட்டதில்லை. ஒரு விளையாட்டு கேட்டிருக்கிறது.

ஒற்றுமை கூடினால், கெத் எந்திரங்கள் குவாரியரின் கவச உடைக்குள் அறிவாகப் புகுந்து, சிறு நோய்களைப் போலியாகத் தோற்றுவித்து, அவர் உடலை மண்ணுக்குப் பழக்குகின்றன. டாலி தாயகத்துக் கரையில் நின்று முகமூடியைக் கழற்றி ஒருமுறை மூச்சு விடுகிறாள். பின்னர் மீண்டும் அணிந்துகொள்கிறாள். வேறொரு பெரும்போர் காத்திருக்கிறது. வீடு கட்டுதற்கு நேரமில்லை. கப்பல்கள் மறுபடியும் புறப்படுகின்றன.