ஹென்லி ஏன் கைமாறியது



அரசியல் அறிவியலும் பொது நிர்வாகமும் படித்து இன்று பட்டம் பெறுகிறவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஆகவே வாழ்க்கைக்கு அறிவுரை சொல்லும் வேலையை உங்கள் பெற்றோரிடமே விட்டுவிட்டு, நீங்கள் படித்த துறையிலிருந்தே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். 2024 ஜூலை 4 அன்று பிரிட்டனின் கன்சர்வேடிவ் கட்சி தன் வரலாற்றிலேயே மோசமான தோல்வியைச் சந்தித்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் 43.6 சதவீத வாக்குகளோடு 365 இடங்களை வென்ற கட்சி, 23.7 சதவீதத்துக்கும் 121 இடங்களுக்கும் இறங்கியது. தோற்ற தொகுதிகளின் பட்டியலைப் பாருங்கள். முன்னாள் பிரதமர்களான டேவிட் கேமரனின் விட்னி, தெரசா மேயின் மெய்டன்ஹெட், ஒரு காலத்தில் போரிஸ் ஜான்சன் நின்று வென்ற ஹென்லி ஆகிய மூன்றும் லிபரல் டெமாக்ரட்டுகளிடம் போயின. ஹென்லி நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கட்சியின் கைவிட்டுப் போகாத தொகுதி. தேம்ஸ் நதிக்கரையில் படகுப் போட்டி நடத்தும் அந்த ஊரில் புரட்சி எதுவும் நடந்துவிடவில்லை. அதே வீடுகளில் இருந்த, அதே சுபாவமுள்ள மனிதர்கள்தான் வேறு சின்னத்துக்கு வாக்களித்தார்கள். அவர்கள் ஏன் போனார்கள், திரும்பி வருவார்களா என்பதில்தான் பழமைவாத அரசியலின் எதிர்காலம் இருக்கிறது என்பது என் வாதம்.

இதற்கு முதல் மறுப்பு ஒரு கூட்டல் கணக்காக வரும். கன்சர்வேடிவ் 23.7, அதற்கு வலப்புறம் நிற்கும் நைஜல் ஃபராஜின் ரிஃபார்ம் கட்சி 14.3, கூட்டினால் 38. தொழிற்கட்சி ஆட்சியைப் பிடித்ததோ 33.7 சதவீதத்தில். ஆக, வலதுசாரி வாக்குகள் பிரிந்ததால்தான் தோல்வி, பிரிந்ததை ஒட்டவைத்தால் வெற்றி என்கிறார்கள். கூட்டணிக் கணக்குகளைக் கேட்டே வளர்ந்த நமக்கு இது புதிதல்ல. கூட்டினால் ஜெயிக்கும் என்று தாளில் போட்ட கணக்கு வாக்குப்பெட்டியில் பொய்த்துப் போனதையும் நாம் பார்த்திருக்கிறோம். கன்சர்வேடிவ் கட்சியை விட்டுப் போனவர்களில் ரிஃபார்முக்குப் போனவர்களே எண்ணிக்கையில் அதிகம். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் ஒரு தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வெற்றி என்ற முறையில், போன வாக்கு எங்கே போனது என்பதும் முக்கியம். ஹென்லியில் ஒருவர் ரிஃபார்முக்குப் போனால் கன்சர்வேடிவ் வேட்பாளருக்கு ஒரு வாக்கு குறைகிறது, அவ்வளவுதான். அவரே அங்கே நேர் எதிரியான லிபரல் டெமாக்ரட்டுக்குப் போனால் இங்கே ஒன்று குறைந்து அங்கே ஒன்று கூடுகிறது, வித்தியாசம் இரண்டு. லிபரல் டெமாக்ரட்டுகளின் வாக்கு 2019-இல் 11.6 சதவீதம், 2024-இல் 12.2. இடங்களோ 11-லிருந்து 72 ஆயின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை கன்சர்வேடிவ் கட்சியிடமிருந்து பறித்தவை.

2015-ஐ எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். அந்தத் தேர்தலில் ஃபராஜின் பழைய கட்சியான யூகிப் 12.6 சதவீதம், ஏறக்குறைய 39 லட்சம் வாக்குகள் வாங்கியது. கிடைத்தது ஒரே இடம். வலப்புறத்தில் அவ்வளவு பெரிய ஓட்டை இருந்தும் கேமரன் 330 இடங்களுடன் தனிப்பெரும்பான்மை பெற்றார். எங்கிருந்து பெற்றார்? லிபரல் டெமாக்ரட்டுகளிடமிருந்து மட்டும் 27 இடங்கள். யூகிப் தொழிற்கட்சியின் வாக்கையும் தின்றது என்பீர்கள், உண்மைதான். ஆனாலும் வலப்புறப் போட்டியாளர் இருக்கும்போதே ஒரு பழமைவாதக் கட்சி வெல்ல முடியும் என்பதற்கு அது சாட்சி. நடுவில் இருப்பவர்களையும் இழந்துவிட்டு அது வென்றதற்குச் சாட்சி தேடித்தான் பிடிக்க வேண்டும்.

யார் இந்த மிதவாத வாக்காளர்? எல்லாப் பிரச்சினையிலும் சரியாக நடுக்கோட்டில் நிற்பவர் என்று நினைத்தால் தவறு. மருத்துவமனைக்குச் செலவிடுவதில் இடதுசாரியாகவும், குடியேற்றத்தில் வலதுசாரியாகவும் ஒரே ஆள் இருக்கிறார். அவரைக் கொள்கை அட்டவணையில் தேடிப் பிடிக்க முடியாது. சுபாவத்தில்தான் பிடிக்க முடியும். கையில் இருப்பது கெட்டுப்போகக் கூடாது என்பது அவருடைய முதல் கவலை. வீடு, சேமிப்பு, பிள்ளையின் பள்ளி, குடும்ப மருத்துவரிடம் ஒரு அப்பாயின்ட்மென்ட். இவற்றைக் கலைக்காமல் காப்பார்கள் என்று நம்பித்தான் தலைமுறைகளாகக் கன்சர்வேடிவ் கட்சிக்கு வாக்களித்தார்.

அந்த நம்பிக்கை எப்படி உடைந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்கலாம். 2022 செப்டம்பர் 23 அன்று, லிஸ் டிரஸ் பிரதமராகி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், நிதியமைச்சர் குவாசி குவார்ட்டெங் ஏறக்குறைய 4,500 கோடி பவுண்டு வரிக் குறைப்பை அறிவித்தார். பணம் எங்கிருந்து வரும் என்பதற்குப் பதில் இல்லை. சுயேச்சையான பட்ஜெட் மேற்பார்வை அமைப்பின் மதிப்பீட்டையும் அவர் வெளியிடவில்லை. அரசுக் கடன் பத்திரங்களின் விலை சரிந்தது. அவற்றை நம்பியிருந்த ஓய்வூதிய நிதிகள் ஆட்டம் கண்டன. ஐந்தாம் நாள் இங்கிலாந்து வங்கி உள்ளே இறங்கிப் பத்திரங்களை வாங்க வேண்டியதாயிற்று. இதெல்லாம் லண்டன் நிதிச் சந்தைக்குள் நடந்த சமாச்சாரம். ஆனால் பிரிட்டனில் வீட்டுக் கடனின் வட்டி பெரும்பாலும் இரண்டு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டுமே நிலையாக இருக்கும். அந்தக் காலம் முடிந்ததும் அன்றைய வட்டிக்குப் புதுப்பிக்க வேண்டும். அந்த இலையுதிர்காலத்தில் வங்கிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடன் திட்டங்களை விலக்கிக்கொண்டன. புதிய இரண்டாண்டுக் கடனின் சராசரி வட்டி அக்டோபரில் 6 சதவீதத்தைத் தாண்டியது. இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகக் கட்டிவந்த ஒரு குடும்பம், சர்ரேயிலோ ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரிலோ சமையலறை மேசையில் புதிய தவணைக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. மாதத்துக்குச் சில நூறு பவுண்டு கூடுதல். வட்டி உலகம் முழுவதும் ஏறிக்கொண்டிருந்தது என்பது சரியான வாதம்தான். ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நினைவில் நின்றது தன் கட்சியே தன் வீட்டை வைத்துச் சூதாடியது என்பதுதான். பொதுமுடக்கத்தின்போது பிரதமர் அலுவலகத்தில் நடந்த விருந்துகளும், அதற்காக ஜான்சன் 2022 ஏப்ரலில் கட்டிய அபராதமும் அதற்கு முன்பே மனதைக் கசக்க வைத்திருந்தன. ரிஃபார்முக்குப் போனவர்களில் பலரிடமும், ஆள்வதாகச் சொன்னவர்கள் ஒழுங்காக ஆளவில்லை என்ற இதே கோபம் இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

தோற்றபின் எந்தப் பக்கம் திரும்புவது என்பதற்கு இந்தக் கட்சியின் வரலாற்றிலேயே இரண்டு மாதிரிகள் உண்டு. 1945-இல் சர்ச்சிலே தோற்றார். தேசிய சுகாதார சேவை மசோதாவை 1946-இல் எதிர்த்து வாக்களித்த கட்சி, 1951-இல் ஆட்சிக்குத் திரும்பியதும் அதைக் கலைக்கவில்லை. இடையில் ராப் பட்லர் 1947-இல் தொழில் சாசனம் என்ற கொள்கை அறிக்கையைக் கொண்டுவந்து, கலப்புப் பொருளாதாரத்தோடு கட்சியைச் சமாதானப்படுத்தியிருந்தார். ஆட்சிக்கு வந்ததும் ஆண்டுக்கு மூன்று லட்சம் வீடுகள் கட்டுவோம் என்ற வாக்கை 1953-இல் ஹரால்ட் மேக்மில்லன் நிறைவேற்றினார். பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆண்டார்கள். இரண்டாவது மாதிரி 1997-க்குப் பிந்தையது. 165 இடங்களுக்குச் சுருங்கிய கட்சி, வில்லியம் ஹேக் தலைமையில் பவுண்டைக் காப்போம் என்ற முழக்கத்தோடு 2001 தேர்தலைச் சந்தித்தது. பவுண்டைக் காக்க வேண்டும் என்பதில் மக்களில் பெரும்பாலோர் அவர்களோடு உடன்பட்டார்கள், வாக்களிக்கத்தான் இல்லை. முடிவு 166 இடங்கள். நான்கு ஆண்டு உழைப்புக்கு ஓர் இடம்! ஒரு பிரச்சினையில் மக்கள் உடன்படுவதும், நாட்டை ஒப்படைப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மார்கரெட் தாட்சர் என்ன மிதவாதியா என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. ஆனால் அவருடைய பெருவெற்றியான 1983-இல் கட்சியின் வாக்கு 43.9-லிருந்து 42.4 சதவீதமாகக் குறையவே செய்தது. எதிரணி இரண்டாக உடைந்து 27.6, 25.4 என்று நின்றதால் இடங்கள் குவிந்தன. அதைவிட முக்கியமானது, 1980 வீட்டுவசதிச் சட்டம். நகராட்சி வீட்டில் வாடகைக்கு இருந்தவர் அதே வீட்டைத் தள்ளுபடி விலையில் சொந்தமாக்கிக்கொள்ளலாம் என்றது அது. அவருடைய கொள்கைத் தீவிரத்தை வெறுத்தவர்கள்கூடத் தம் வாசற்கதவுக்குத் தாமே பிடித்த நிறத்தில் பெயின்ட் அடிக்க முடிந்ததை வெறுக்கவில்லை. நடுவில் நின்றவர் கையில் பொருள் ஒன்று கிடைத்தது. சரி, 2019-இல் ஜான்சன் வென்றாரே? அந்த செப்டம்பரில் கென்னத் கிளார்க், பிலிப் ஹேமண்ட், சர்ச்சிலின் பேரன் நிக்கோலஸ் சோம்ஸ் உள்ளிட்ட 21 உறுப்பினர்களை நாடாளுமன்றக் கட்சியிலிருந்து நீக்கிவிட்டுத்தானே பெரும்பான்மை பெற்றார்? பெற்றார். எதிரே நின்றவர் தொழிற்கட்சியின் தீவிர இடதுசாரித் தலைவர் ஜெரமி கார்பின். ஹென்லியின் மிதவாதிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு வாக்களித்தார்கள் என்றுதான் படுகிறது. கார்பின் போய் ஸ்டார்மர் வந்ததும் பயம் விட்டுப்போனது. கூடவே வாக்கும் போனது.

போட்டியாளரின் குரலை நாமே பேசிவிட்டால் அவர்கள் காணாமற்போவார்கள் என்ற யோசனையை பிரான்ஸ் நீண்டகாலம் சோதித்துப் பார்த்திருக்கிறது. 2007 அதிபர் தேர்தலில் வலதுசாரி வேட்பாளர் சர்க்கோசி அப்படிப் பேசி வென்றார். கடும்போக்கு வலதுசாரியான லெ பென் 10.4 சதவீதத்துக்கு இறங்கினார். பாடம் முடிந்தது என்று அங்கேயே நிறுத்துகிறவர்கள் உண்டு. 2012-இல் அவருடைய மகள் மரீன் லெ பென் 17.9 சதவீதம் வாங்கினார். 2022-இல் சர்க்கோசியின் கட்சி வேட்பாளர் வலெரி பெக்ரெஸ் பெற்றது 4.78 சதவீதம். ஐந்தைத் தொட்டிருந்தால் தேர்தல் செலவில் பெரும்பகுதியை அரசு திருப்பித் தந்திருக்கும். தொடாததால் கடனை அடைக்க அவர் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார். நம்மூர் மொழியில் சொன்னால் டெபாசிட் போயிற்று. மிதவாதிகள் மக்ரோனிடம் போய்விட்டார்கள், கடும்போக்கினர் அசலையே தேடிப் போய்விட்டார்கள், நடுவே கட்சி மட்டும் நின்றது. இரண்டு ஆண்டுகள் கழித்து அதன் தலைவர் எரிக் சியோட்டி லெ பென்னோடு கூட்டு என்று தன்னிச்சையாக அறிவித்துவிட்டுத் தலைமை அலுவலகத்தைப் பூட்டிக்கொள்ள, பொதுச் செயலாளர் இன்னொரு சாவியோடு வந்து கதவைத் திறந்தார். ஜெனரல் டி கோலின் வாரிசுகள் என்று சொல்லிக்கொண்ட கட்சி அது.

இவ்வளவும் கட்சிக்காரர்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் முடிவெடுக்கும் அறையில் மிதவாத வாக்காளர் இருப்பதில்லை. 1998-இல் ஹேக் கொண்டுவந்த விதிப்படி, நாடாளுமன்ற உறுப்பினர்கள் இருவரைத் தேர்ந்து தர, கட்சி உறுப்பினர்கள் ஒருவரைத் தலைவராக்குகிறார்கள். 2001-இல் நாடு முழுதும் அறிந்த கென்னத் கிளார்க்கை விட்டு இயன் டங்கன் ஸ்மித்தைத் தேர்ந்தார்கள். இரண்டே ஆண்டில் அவரைச் சொந்த உறுப்பினர்களே இறக்கினார்கள். 2022-இல் நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதிகம் விரும்பிய ரிஷி சுனக்கை விட்டு டிரஸ். மூன்று தோல்விக்குப் பின் 2005-இல் கேமரனைத் தேர்ந்ததும் இதே உறுப்பினர்கள்தான் என்பதால், அவர்களைக் கண்மூடிகள் என்று சொல்ல மாட்டேன். தாங்கள் பேசிப் பழகும் வட்டத்தையே நாடு என்று எண்ணிவிடுகிறார்கள், அவ்வளவே. 2024 தலைவர் தேர்தலில் வாக்குரிமை பெற்றிருந்த உறுப்பினர்கள் 1,31,680 பேர். அவர்கள் முன் பெயர்கள் வருவதற்குள்ளேயே ஒரு வேடிக்கை நடந்தது. அக்டோபர் 8 அன்று நாடாளுமன்ற உறுப்பினர்களிடையே நடந்த சுற்றில் மிதவாதிகளின் நம்பிக்கையான ஜேம்ஸ் கிளெவர்லி 39 வாக்குகளோடு முதலிடம். மறுநாள் கடைசிச் சுற்றில் பேடனாக் 42, ஜென்ரிக் 41, கிளெவர்லி 37. இறுதிப் போட்டியில் தம் ஆளுக்கு எதிராக யார் நிற்க வேண்டும் என்று சிலர் சாமர்த்தியமாக வாக்களிக்கப் போய்த் தம் ஆளையே வெளியேற்றிவிட்டார்கள் என்று லண்டன் பத்திரிகைகள் எழுதின. உறுப்பினர்களுக்கு மிஞ்சியது கட்சியின் வலப்பக்கத்திலிருந்து இருவர். குறை இரு தரப்பிலும் இருக்கிறது. மிதவாதி கட்சியில் சேர்வதில்லை, சந்தா கட்டுவதில்லை, மழைநாள் மாலையில் கிளைக் கூட்டத்துக்குப் போவதில்லை. ஐந்தாண்டுக்கு ஒருமுறை வந்து தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிறார். கிளைக் கூட்டத்துக்குப் போகிறவர்களின் விருப்பப்படி வேட்பாளர் அமைகிறார்.

கடைசி மறுப்பு கனமானது. 1920-களில் லிபரல் கட்சியின் இடத்தைத் தொழிற்கட்சி பிடித்ததைப் போல, இப்போது கன்சர்வேடிவ் கட்சியின் இடத்தை ரிஃபார்ம் பிடித்துவிடும்; அப்புறம் மிதவாதிகளைப் பற்றி எதற்குப் பேச்சு என்கிறார்கள். 2025 மே மாத உள்ளாட்சித் தேர்தல் அவர்களுக்கு ஆதாரம். ரிஃபார்ம் 677 இடங்களை வென்றது. கென்ட், லிங்கன்ஷயர் போன்ற கோட்டைகள் விழுந்தன. அதே நாளில் ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரும் ஷ்ராப்ஷயரும் லிபரல் டெமாக்ரட்டுகளிடம் போயின என்பதை அவர்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. இடம் மாறலாம், கட்சிகள் சாகாவரம் வாங்கி வந்தவை அல்ல. ஆனால் யார் அந்த இடத்துக்கு வந்தாலும் கேள்வி கேட்பவர் மாறப்போவதில்லை. கென்ட் கவுன்டி கவுன்சிலின் பட்ஜெட்டில் பெரும்பகுதி முதியோர் பராமரிப்புக்கும், சிறப்புத் தேவையுள்ள குழந்தைகளுக்கும் போகிறது. மிச்சத்தில்தான் சாலைக் குழிகளை அடைக்க வேண்டும். வீண் செலவைக் குறைத்தே சமாளித்துவிடுவோம் என்று சொல்லி வந்தவர்கள் இப்போது அந்தக் கணக்குப் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆத்திரத்தில் வாக்களித்தவரும் தன் தாயாரைப் பார்த்துக்கொள்ள வரும் பணிப்பெண் இந்த வாரம் வருவாரா என்றுதான் கேட்கப்போகிறார்.

 வணக்கம்.