சாணைக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர்



எங்கள் மலையூரான திரிங்காப்பில் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தால் பல நாள் எதிர்வீட்டுக் கூரைகூடத் தெரியாது. அவ்வளவு பனி. அந்தப் பனிக்குள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். கல்லில் இரும்பு உரசுகிற, அவசரமே இல்லாத சத்தம். எங்கள் வரிசையில் கடைசி வீட்டுத் தாத்தா கத்தி தீட்ட உட்கார்ந்துவிட்டார் என்று அர்த்தம். தேயிலைத் தோட்டத்தில் கவ்வாத்து வெட்டியவர். வேலையிலிருந்து நின்ற பிறகு, பழைய லோரிகளின் ஸ்பிரிங் பட்டையை வாங்கி, வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஓர் உலை வைத்துக் கத்தி அடிக்கிறார்.

அவர் உலை மூட்டும் நாளில் பிள்ளைகளெல்லாம் அங்கேதான் நிற்பார்கள். பட்டை சிவந்து ஆரஞ்சாவதும், எண்ணெயில் இறக்கும்போது புகையோடு சீறுவதும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். மறுநாள் அவர் கல்லோடு உட்காரும்போது ஒரு பிள்ளையும் வராது. நான் இன்று பேச வந்தது அந்த மறுநாள் வேலையைப் பற்றி.

முதலில், நெருப்பு என்ன செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எஃகை ஏறக்குறைய 770 பாகை செல்சியசுக்குச் சூடாக்கினால் காந்தம் அதை இழுக்காது. தாத்தா ஒரு காந்தத்தைக் கம்பியில் கட்டி வைத்திருக்கிறார். ஒட்டாமல் போனதும் இன்னும் கொஞ்சம் சூடேற்றி, எண்ணெயில் இறக்கிவிடுவார். அப்போது எஃகு கண்ணாடி மாதிரி கெட்டியாகிவிடும். கீழே போட்டால் உடையக்கூடிய கெட்டி. அதைக் கொஞ்சம் தளர்த்துவதற்காக 200 பாகைச் சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வைப்பார். அதற்கு மட்டும் பாட்டியின் கேக் சுடும் அடுப்புதான். பாட்டிக்கு அதில் துளியும் சம்மதமில்லை. தேய்த்த இரும்பின்மேல் வைக்கோல் நிறம் படர்ந்தால் தோய்ச்சல் சரி.

இப்படி வெளியே வரும் கத்தியைப் பார்த்தால் யாரும் காசு கொடுக்க மாட்டார்கள். கரிப்பிடித்த சட்டிபோல் உடம்பெல்லாம் கருப்புச் செதில். வெட்டுவாய் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைந்த தடிமனில் மொண்ணையாக நிற்கும். வேண்டுமென்றுதான் அப்படி விடுகிறார்கள். முன்பே மெலிதாக்கிவிட்டால், மெலிந்த இடம் மற்ற பாகத்தைவிடச் சீக்கிரம் சூடேறும். எண்ணெயில் இறக்கும்போது வளையும், சில சமயம் வெடித்தும் போகும். ஆகவே கடைசி மெலிவைக் கல்தான் கொண்டுவர வேண்டும். கத்தி கெட்டுப்போவதும் பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நானே கெடுத்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் தாத்தாவிடம் தோய்ச்சல் முடிந்த ஒரு பாராங் கத்தி வாங்கினேன். "நானே தீட்டிக்கிறேன், தாத்தா" என்று வீராப்பாகச் சொல்லி, வீட்டிலிருந்த மின்சாரச் சாணையில் வைத்தேன். நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றும் சக்கரம் அது. பொறி பறந்தது, பத்தே நிமிடத்தில் வாய் பளபளத்தது. அந்தப் பளபளப்பின் ஓரத்தில் மயில் கழுத்து நிறத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. அழகாக இருக்கிறதே என்று தாத்தாவிடம் காட்டவே எடுத்துப்போனேன்.

அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீலம் பாஞ்சிருச்சு, தம்பி. செத்துப்போச்சு" என்றார்.

நீலம் என்றால் அந்த இடம் 300 பாகையைத் தொட்டுவிட்டது. 200 பாகையில் பக்குவமான எஃகு 300-ஐப் பார்த்தால் மேலும் தளர்ந்துவிடும். தடித்த முதுகு சூட்டைத் தாங்கும். முடிபோல் மெலிந்த வாய்க்கு ஒரு நொடி போதும். அதன் பிறகு எத்தனை தீட்டினாலும் நாலு வெட்டுக்கு மேல் கூர் நிற்காது. நீலம் ஓடிய அளவுக்கு வாயைத் தேய்த்து எறிந்துவிட்டுப் புதிதாக வாய் எடுக்க வேண்டியதுதான். என் பாராங் அரை விரல் அகலம் குறைந்தது.

தாத்தாவின் முறை இதற்கு நேர் எதிர். பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், கையில் உறை கிடையாது. வெறும் விரல் கத்தியின்மேல் இருக்கும். விரல் சுடுகிறது என்று தோன்றும் முன்பே கத்தி தண்ணீரில். விரல் தாங்காத சூடு ஐம்பது, அறுபது பாகைதானே, எஃகுக்கு அதனால் ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். "விரலுக்குத் தெரியற எடம் வேற, வாய் இருக்கற எடம் வேற" என்றார். விரல் படும் இடத்தில் அறுபது என்றால் நுனியில் எவ்வளவு இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? இயந்திரமே கூடாது என்பதில்லை. தண்ணீரும் பொறுமையும் இருந்தால் அதுவும் உதவும். ஆனால் சூடானாலும் தானே ஆறட்டும் என்று விடுகிறவர் கையில் இயந்திரம் வேண்டாம்.

செதிலையும் பெரிய மேடுகளையும் முதலில் கரடான கல்லில் எடுப்பார். பிறகு உப்புத்தாள். 120-ஆம் எண்ணில் ஆரம்பித்து 220, 400, 600 என்று போகும். ஒவ்வொரு தாளுக்கும் தேய்க்கும் திசையை மாற்றுவார்: ஒன்றில் குறுக்காக, அடுத்ததில் நெடுக்காக. முந்தைய தாளின் கீறல் ஒன்றாவது மிச்சமிருந்தால் அது குறுக்கே நின்று காட்டிக்கொடுத்துவிடும். அவசரப்பட்டு அடுத்த எண்ணுக்குத் தாவினால், கடைசிப் பளபளப்பில் அந்தப் பழைய கீறல்தான் பல்லிளிக்கும். இதெல்லாம் வெறும் அழகுக்கென்று நினைக்க வேண்டாம். நம் மலையில் ஈரம் அதிகம். கீறலுக்குள் தங்கும் ஈரத்தில்தான் துரு முதலில் பிடிக்கும்.

இனி வாய். எந்தச் சாய்வில் பிடிப்பது என்று பலரும் கேட்பார்கள். ஒரு தாளின் மூலை 90 பாகை. அதைப் பாதியாக மடித்தால் 45. இன்னொரு முறை மடித்தால் இருபத்திரண்டரை. அந்த மடிப்பைக் கல்லின்மேல் வைத்துப் பாருங்கள், கவ்வாத்துக் கத்திக்கு ஏறக்குறைய அதுதான் சாய்வு. அடுப்படிக் கத்திக்கு அதைவிடக் கொஞ்சம் படுக்க வைக்கலாம். மரம் வெட்டும் பாராங்குக்குச் சற்று நிமிர்த்தி, ஓரத்தைக் கொஞ்சம் உருட்டலாகவே விட வேண்டும். சவரக்கத்திபோல் தீட்டிய பாராங் முதல் கணுவிலேயே பல் விழும்.

ஒரு பக்கம் தீட்டிக்கொண்டே போனால், மறுபக்க ஓரத்தில் மெல்லிய பிசிர் சுருண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. விரலைக் குறுக்கே தடவினால் நிரடும். தயவுசெய்து நெடுக்காகத் தடவிப் பார்க்காதீர்கள்! அடி முதல் நுனி வரை பிசிர் வந்தால் அந்தப் பக்கம் முடிந்தது, மறுபக்கம் திருப்பலாம். பலர் இந்தப் பிசிரையே கூர் என்று நம்பி எடுத்து வைத்துவிடுவார்கள். முதல் வெட்டில் அது மடங்கிவிடும். பிறகு "இரும்பு சரியில்லை" என்று கத்தி அடித்தவரைத் திட்டுவார்கள். அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்துப் பக்கம் மாற்றி இழுத்து, கடைசியில் பழைய தோல்வாரில் முதுகுப்பக்கமாகப் பத்து இழுப்பு இழுத்தால் பிசிர் போய்விடும். முடிதிருத்தும் கடையில் அந்தக் காலத்தில் பார்த்திருப்பீர்களே, அதேதான்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், தேயிலைச் செடியைக் கேட்க வேண்டும். 1929-இல் ரஸ்ஸல் என்பவர் இந்த மலையில் 'போ' என்ற தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்து, நம் ஆட்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒவ்வொரு செடியையும் கவ்வாத்து செய்துவந்திருக்கிறார்கள். சாய்வாக ஒரே வெட்டு. கூரான கத்தி என்றால் வெட்டு வழுவழுப்பாக நிற்கும், தண்ணீர் வழிந்துவிடும், பட்டை மூடிக்கொள்ளும். மொண்ணைக் கத்தி கிளையைப் பிளந்து பட்டையை உரிக்கும். அந்தக் காயத்தில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் இறங்கும். இப்போது கத்தரியும் மோட்டார் இயந்திரமும் வந்துவிட்டன. அவற்றின் தகடும் எஃகுதான், அதற்கும் இதே சட்டம்தான்.

எஃகு என்றதும் நாம் பெருமையோடு சொல்லும் கொடுமணலைப் பற்றி ஒரு வார்த்தை. ஈரோட்டுப் பக்கம் நொய்யல் கரையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். தென்னிந்திய உருக்கின் புகழ் பின்னாளில் லண்டன் வரை போனது. அங்கே ஸ்டோடார்ட் என்ற கத்தித் தொழிலாளியும் விஞ்ஞானி ஃபாரடேயும் சேர்ந்து 1820 வாக்கில் அதை ஆராய்ந்தார்கள். இதை மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். ஆயுத பூஜைக்குக் கத்திக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். மறுநாள் அதே கத்தியை ஈரத்தோடு மூலையில் போடுகிறோம். எனக்கு இது ஒட்டவில்லை.

தேயிலை வெட்டிய கத்தி கருத்துப்போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தேயிலையின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து உண்டாக்கும் கருமை அது, சிவப்புத் துரு அல்ல. அந்தக் கருமை ஓரளவு காவலும்கூட. தேய்த்து எடுக்காதீர்கள். ஜப்பானில் வாளுக்குப் பூசும் சுபாக்கி எண்ணெய், கமேலியா என்ற மரத்தின் விதையிலிருந்து வருகிறது. நம் தேயிலைச் செடியும் அந்தக் கமேலியா இனம்தான். அந்த எண்ணெய்க்கு நாம் எங்கே போவது? தேங்காய் எண்ணெய் போதும்.

நாளைக் காலை மலை ஏறுகிறவர்களும், கோபிஸ் அறுக்கத் தோட்டத்துக்குப் போகிறவர்களும், திரும்பி வந்ததும் கத்தியைக் கழுவித் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவிவிட்டு உறையில் போடுங்கள். மின்சாரச் சாணை வைத்திருப்பவர்கள், சுவிட்சைத் தட்டுமுன் வாளியில் தண்ணீர் பிடித்து வையுங்கள்.