வேலைக் கணக்கும் செங்கல்பட்டின் பழைய சான்றும்

அரசின் வேலைவாய்ப்புப் புள்ளிவிவரங்களை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே இக்கருத்தரங்கின் பொருள். 1970இல் அறிக்கை தந்த தந்த்வாலா குழு, 1972-73இல் தொடங்கிய ஐந்தாண்டுச் சுற்றுகள், 2017 ஏப்ரல் முதல் நடக்கும் காலமுறைத் தொழிலாளர் ஆய்வு ஆகியவை இந்த அவை அறிந்தவை. தலைமையுரை துறை முழுவதையும் அளக்க வேண்டும் என்பது மரபு. அந்தப் பெருமைக்கு ஈடாகுமா என்ற தயக்கத்தோடு, இவ்வுரை தீராத ஒரு விவாதத்தையே எடுத்துக்கொள்கிறது.

2017-18 ஆய்வு வேலையின்மை 6.1 விழுக்காடு என்று கண்டது. அறிக்கை வெளிவராத நிலையில், 2019 ஜனவரியில் பி.சி. மோகனனும் ஜே.வி. மீனாட்சியும் தேசியப் புள்ளியியல் ஆணையத்திலிருந்து விலகினர். தேர்தல் முடிந்து மே 31 அன்று அது வெளியானது. வீடுகளை வசதியால் பிரிக்காமல் கல்வியால் பிரித்ததால் பழைய சுற்றுகளோடு ஒப்பிடக் கூடாது என்று அப்போது சொல்லப்பட்டது. தேர்வு முறை மாறினால் மதிப்பீட்டு எடைகளும் அதற்கேற்ப மாறும். வேலையின் வரையறை மாறவில்லை. அந்த வாதத்தை முன்வைத்தோர் மதிப்புக்குரியவர்கள். வாதம் நிற்கவில்லை.

2023-24இல் வேலையின்மை 3.2 விழுக்காடாகக் குறைந்தது. அதே காலத்தில் சுயதொழில் செய்வோர் பங்கு 52.2இலிருந்து 58.4க்கும், ஊரகப் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு 24.6இலிருந்து 47.6க்கும் ஏறின. தேவனேரியில் வீட்டார் பிடித்த மீனைத் தரம் பிரித்துக் கருவாடு போடும் பெண்ணும், மாமல்லபுரத்தில் கணவரின் சிற்பக்கூடத்தில் கூலியின்றிக் கல்லுக்கு மெருகேற்றும் பெண்ணும் இக்கணக்கில் வேலையில் இருப்பவர்களே. அவர்கள் உழைப்பை எண்ணுவது நியாயம். 2022இல் மறைமலை நகர் ஃபோர்டு ஆலை உற்பத்தியை நிறுத்தியபோது பறிபோன மாதச் சம்பளத்துக்கு அது ஈடு என்பதுபோல் ஒரே கூட்டுத்தொகையில் கரைப்பது நியாயமன்று. விரிவான அட்டவணைகள் ஊதியமில்லா உதவியாளரைத் தனியே காட்டுகின்றன. செய்தியாகும் எண் காட்டுவதில்லை.

இங்கே செங்கல்பட்டுக்கு ஒரு பழைய சான்று உண்டு. 1767 முதல் 1774 வரை பொறியாளர் தாமஸ் பர்னார்ட், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஜாகீராக இருந்த செங்கல்பட்டுப் பகுதியில் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்தார். எந்த ஊரில் எந்தத் தொழிலுக்கு எத்தனை வீடு, களத்து நெல்லில் யாருக்கு எவ்வளவு சுதந்திரம், அதாவது மரபுப் பங்கு, என்பதும் பதிவாயின. ட்சுகாசா மிசுஷிமாவும் சென்னைக் கொள்கை ஆய்வு மையத்தாரும் இதைப் பயன்படுத்தினர். உழைப்புப் பொருளியலார் பெரும்பாலும் தொடவில்லை. வரிக்காக எடுத்த கணக்கு வேலைக் கணக்காகாது என்பது அவர்கள் தரப்பு. வரி நோக்கம் விளைச்சலைக் குறைத்துக் காட்டத் தூண்டியிருக்கலாம். குயவர் வீட்டை மறைக்கத் தூண்டாது. வீட்டை எண்ணி ஆளை எண்ணாததால் பெண்ணின் உழைப்பு அதில் தெரியாது. அந்தக் குறை உண்மையானது. ஆனாலும் தொழிலையும் அதற்குரிய பங்கையும் சேர்த்தே பதிந்த அதன் முறை இன்றைய ஒற்றை விழுக்காட்டைவிடத் தெளிவானது.

செங்கல்பட்டு மாவட்டம் 2019 நவம்பர் 29 அன்று பிறந்தது. 2011 கணக்கெடுப்பில் இப்பகுதி காஞ்சிபுரத்துக்குள் அடங்கியிருந்தது. 2025 ஜனவரி முதல் காலமுறைத் தொழிலாளர் ஆய்வின் மாதிரி அமைப்பு மாவட்டத்தை அடிப்படையாகக் கொண்டுள்ளது. ஆகவே மாவட்ட வாரியாகச் சம்பளம் பெறுவோர், சுயதொழிலர், ஊதியமில்லா உதவியாளர் ஆகியோரைப் பிரித்து வெளியிட வேண்டும் என்ற தீர்மானத்தை இந்த அவை நிறைவேற்றி அரசுக்கு அனுப்ப வேண்டும்.