எழுத்தைக் கொண்டு சொல்லைத் தேடல்

(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

நம் காலனிப் பிள்ளைகள் மாலை வேளையில் மாடிப்படிகளில் அமர்ந்து ஆடும் ஆட்டம் ஒன்றுண்டு. ஒருவர் மூன்று அல்லது நான்கு ஆங்கில எழுத்துக்களைக் கூறுவார்; அவையனைத்தும் அமைந்த நீண்ட சொல் ஒன்றை மற்றவர் கண்டு சொல்லுதல் வேண்டும். இவ்வாட்டத்தை விழாப் போட்டிகளில் சேர்க்கலாம் என்ற கருத்து எழுந்தபோது, ‘தமிழ்ச் சங்கத்தில் ஆங்கிலச் சொல்லாட்டம் எதற்கு?’ என்று நம்முள் சிலர் வினவினர். நியாயமான வினாவே. விடை கூறுமுன் ஆட்டத்தின் இயல்பைச் சற்றே காண்போம்.

ஆங்கிலத்தின் உயிரெழுத்துக்களாகிய ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்தும் அமைந்த சொல் யாது என்று கேட்டால், ‘எஜுகேஷன்’ என்று விடை உடனே வரும். ஆயின் அச்சொல்லில் அவை முறை மாறிக் கிடக்கின்றன. முறை பிறழாது, ஒவ்வொன்றும் ஒரே முறை வருவன ‘ஃபசீஷியஸ்’, ‘அப்ஸ்டீமியஸ்’ போன்ற சில சொற்களே. முன்னது வேடிக்கையாகப் பேசும் இயல்பைக் குறிக்கும்; பின்னது உண்பதிலும் குடிப்பதிலும் அளவு காப்பதைக் குறிக்கும். (விருந்து வீடுகளில் இவ்விரு குணமும் ஒருவரிடமே அமையக் கண்டதில்லை!) ‘ரிதம்’ என்னும் ஆறெழுத்துச் சொல்லிலோ ஐந்து உயிர்களில் ஒன்றேனும் இல்லை, ‘வை’ என்னும் எழுத்தே அங்கு உயிரின் வேலையைச் செய்கின்றது. ‘ஸ்ட்ரெங்த்ஸ்’ என்னும் சொல்லில் எழுத்துக்கள் ஒன்பது, உயிர் ஒன்றே. ‘டைப்ரைட்டர்’ என்பதன் பத்தெழுத்துக்களும் அப்பொறியின் மேல் வரிசையிலேயே உள்ளன. தட்டெழுத்து, சுருக்கெழுத்துச் சான்றிதழ்களை மட்டுமே நம்பி ரயிலேறிக் கரோல்பாக்கிலும் மாதுங்காவிலும் குடியேறிய நம் முன்னோரின் விரல்கள் இதனை நன்கறிந்திருக்கும்.

இனி, நீண்ட சொல் எவ்வாறு கிட்டும்? அகராதியை மனப்பாடம் செய்வதால் அன்று. ‘எஸ்டாப்ளிஷ்’ என்னும் வினையின் முன்னே ‘டிஸ்’ சேர்த்து, அதற்கும் முன்னே ‘ஆன்டி’ சேர்த்து, பின்னே விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாய் அடுக்கின், இருபத்தெட்டு எழுத்துடைய ‘ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிசம்’ பிறக்கின்றது. இங்கிலாந்துத் திருச்சபைக்கு உள்ள அரசுத் தொடர்பை நீக்கலாகாது என்ற கொள்கைக்கு உரிய பெயர் அது. பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று பகுபத உறுப்பிலக்கணம் பயின்றோர்க்கு இவ்வித்தை புதிதன்று. நாற்பத்தைந்து எழுத்துடைய நுரையீரல் நோய்ப் பெயர் ஒன்றும் உண்டு; 1935ஆம் ஆண்டில் அமெரிக்கப் புதிர்க் கழகம் ஒன்றன் தலைவர் எவரெட் ஸ்மித் என்பார் அதனை ஆக்கினார். நீளத்தின் பொருட்டே செய்யப்பட்ட சொல் ஆதலின், அதனை நம் போட்டியில் ஏற்பதற்கில்லை.

சொல்லைத் தேடுவோர்க்கு அகராதி ஒரு வாயிலை மட்டுமே திறக்கின்றது, அது முதலெழுத்து. நடுவெழுத்தோ ஈற்றெழுத்தோ மட்டும் தெரிந்தவர் என் செய்வார்? ஆங்கிலத்தில் ஜான் வாக்கர் என்பார் 1775ஆம் ஆண்டில், ஈற்றெழுத்து முறையில் சொற்களை வரிசைப்படுத்திய அகராதி ஒன்றை வெளியிட்டார். இயைபு தேடுவோர்க்கு அது பெருந்துணை. ஆனால், அதற்கு நாற்பத்துமூன்று ஆண்டுகள் முன்னரே, 1732ஆம் ஆண்டில், இத்தாலியில் பிறந்து தமிழ்நாட்டில் வாழ்ந்த வீரமாமுனிவர் சதுரகராதியை இயற்றினார். அதன் நான்காம் பகுதியாகிய தொடையகராதி, செய்யுள் இயற்றுவோர்க்கு எதுகைச் சொற்களைத் தொகுத்துத் தருவது. எதுகை என்பது யாது? இரண்டாம் எழுத்து ஒன்றிவருதல் அன்றோ! தகர வருக்க எழுத்துக்களாலேயே ஒரு வெண்பாப் பாடியதாகக் காளமேகப் புலவர் புகழப்படுகிறார். துறவு அதிகாரத்தின் முதற்குறளை ஓதுங்கால் இதழ்கள் ஒட்டுவதேயில்லை. ஆகவே எழுத்துக்கு வரம்பிட்டுச் சொல்லைத் தேடும் ஆட்டம் நமக்கு அயலாருடையது அன்று. நம் புலவர்கள் ஆடிச் சலித்தது.

உண்மையில் நம் கவலை வேறு. இங்கே பிறந்த நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர். தமிழ் நம் சமையலறைப் பேச்சாய் நிற்கின்றது. லகர ளகர ழகரங்கள் அவர்கள் நாவில் ஒன்றாய்க் கலந்துவிட்டன. ஞாயிறுதோறும் சொல்வதெழுதுதல் நடத்திப் பார்த்தோம். இரண்டாம் வாரமே வருகை பாதியாயிற்று. அதே பிள்ளைகளிடம், ‘ல, ள, ழ மூன்றும் வரும் சொல் கூறுக’ என்றபோது, ஒரு சிறுமி ‘தொழிலாளி’ என்றாள்! நான்கே எழுத்து, மூன்றும் அதனுள் அடங்கிவிட்டன. உடனே இன்னொருவன் அதனைத் ‘தொழிலாளர்களுக்காக’ என்று பத்தெழுத்தாய் நீட்டினான். ந, ண, ன மூன்றும் ‘நண்பன்’ என்னும் சொல்லில் உள்ளன என்று கண்டவன், இனி அச்சொல்லைப் பிழையாய் எழுதுவானா?

எனவே, ஆங்கிலச் சுற்றும் இருக்கட்டும், அதன்பின் தமிழ்ச் சுற்றும் நடக்கட்டும், தமிழுக்கு மதிப்பெண் இரட்டிப்பு என்று குழுவினர் முடிவு செய்துள்ளனர். மறுப்புத் தெரிவித்த பெரியோர்களே நடுவராய் அமர இசைந்தமைக்கு நன்றி. உயிர்மெய் ஒன்றும் ஓரெழுத்தே; புள்ளி பெற்ற மெய்யும் ஓரெழுத்தே. கணிப்பொறி கண்ணிமைக்கும் நேரத்தில் பட்டியல் தரும் காலம் இது. ஆதலால் கைபேசிகளை வாயிலில் ஒப்படைத்துவிட்டுத் தாளும் பென்சிலும் மட்டுமே கொண்டு வருக. பெற்றோர் பின்னிருந்து முணுமுணுத்தல் கூடாது.

முதற் சுற்றுக்குரிய எழுத்துக்கள்: ர, ற, ழ. கால் மணி நேரம் உண்டு.