அம்பேத்கர் படத்தை எங்கே மாட்டுவது?

(பழையசீவரம் காலனி சமுதாயக் கூடத்தில், ஞாயிறு வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



என் ஆய்வைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பழைய செங்கல்பட்டு ஜில்லாவில் சேரி மனைகளின் வரலாறுதான் என் தலைப்பு. அதைப் படித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில் நானே ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தேன். இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

என் இணையருக்கு ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. எனக்கு வாரத்தில் மூன்று நாள் சென்னையில் பல்கலைக்கழகம். என் ஆய்வு உதவித்தொகையை வருமானமாக எடுத்துக்கொள்ள வங்கி மறுத்துவிட்டது. அவர் ஒருவர் சம்பளத்துக்கு என்ன கடன் கிடைக்குமோ அதற்குள் வாங்க வேண்டும். தனி வீடு எட்டாது. இரண்டு பக்கச் சுவரும் அடுத்த வீட்டோடு ஒட்டி, வரிசையாகக் கட்டி விற்கிறார்களே ‘ரோ ஹவுஸ்’, அது எட்டும் என்று கணக்குப் போட்டோம். அதற்கும் முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 40 லட்சம் ரூபாய் பத்திரம் என்றால் 3 லட்சத்து 60 ஆயிரம் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

படப்பை, சிங்கப்பெருமாள்கோவில், மறைமலை நகர், கூடுவாஞ்சேரி என்று ஞாயிறுதோறும் பைக்கில் சுற்றினோம். ஸ்டேஷன் எவ்வளவு தூரம், மழைக்குத் தண்ணீர் நிற்குமா, போர் தண்ணீர் உப்பா, பள்ளிக்கூடம் எங்கே என்று நாங்கள் கேட்டோம். தரகர் எங்களைக் கேட்டவை வேறு. “சொந்த ஊர் எது?” பழையசீவரம் என்றேன். “ஊர்லயா, காலனிலயா?” காலனி என்றேன். அதன்பின் அவர் பேச்சில் வேகம் குறைந்தது. மறுநாள் போன் வந்தது. வீட்டுக்காரருக்கு வேறு ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டாராம். மூன்று வாரம் கழித்து அந்த வழியாகப் போனபோது ‘விற்பனைக்கு’ என்ற அட்டை அப்படியே தொங்கியது.

இன்னொரு தரகர் நல்லவர். அக்கறையோடுதான் சொன்னார்: “மேடம், உங்களைப் பார்த்தா தெரியல. நீங்களா எதுவும் சொல்லாதீங்க. குடி வந்ததும் ஹால்ல ரெண்டு சாமி படம் மாட்டிடுங்க. அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க.”

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா கேட்டது ஒரே கேள்வி: “அப்ப அம்பேத்கர் படத்த எங்க மாட்டுவ? பீரோ பின்னாடியா?”

தோழர்களே, 1917இல் பாபாசாகேப் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். வெளிநாட்டில் படித்துத் திரும்பியவருக்கு அந்த ஊரில் தங்க இடமில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைக் கொடுத்துத் தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து நின்றார்கள். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியேறி, பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு, இரவு ரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார். ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ நூலில் அவரே இதை எழுதியிருக்கிறார். சாதியை மறைத்துப் பெற்ற கூரை எத்தனை நாளைக்கு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நூறு ஆண்டு கழித்து எனக்கும் அதே யோசனையைத்தான் சொல்கிறார்கள்.

இது நகரத்தில் மட்டும் நடப்பது என்று நினைக்காதீர்கள். பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைக் காட்டி, மக்களாட்சியின் தொட்டில் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம். அங்கே உறுப்பினராக நிற்க என்ன தகுதி? வரி கட்டும் கால் வேலிக்கு மேல் நிலம் வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீடு வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். அது பார்ப்பனர்களின் சதுர்வேதிமங்கலம். மனை இல்லாதவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை கிடையாது.

அங்கிருந்து 1891க்கு வாருங்கள். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் பறையர்களின் நிலை குறித்து அரசுக்கு அறிக்கை எழுதினார். நம் முன்னோர் குடிசை போட்டிருந்த மனைகூட மிராசுதாரின் பிடியில் இருந்தது. கூலி போதாது என்று வாய் திறந்தால் வீட்டைக் காலி செய்யச் சொல்ல முடியும். வீடு என்பது நம்மைக் கட்டிவைக்கும் கயிறாக இருந்தது. அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. முதல் பத்தாண்டுகளுக்கு விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட வகுப்பாருக்கு மட்டுமே விற்கலாம், மீறினால் செல்லாது என்று நிபந்தனை போட்டார்கள். அந்த நிலத்தை மீட்கத்தான் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் நம் மக்கள் திரண்டார்கள். காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள்.

இதை ஏன் வீடு வாங்கும் பேச்சில் சொல்கிறேன்? நாங்கள் பார்த்ததிலேயே மலிவான வீடு ஒன்று இருந்தது. வில்லங்கச் சான்று முப்பது ஆண்டுக்குச் சுத்தமாக இருந்தது. ஆய்வுப் பழக்கத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போய் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தேன். அந்தப் புல எண் பஞ்சமி நிலம். அதை யாரிடமிருந்தோ எழுதி வாங்கி, மனை பிரித்து, சுவர் எழுப்பி, நமக்கே விற்க வருகிறார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டோம். விலை ஏன் மலிவு என்று கேட்காமல் யாரும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, எந்தப் பகுதியிலும் வீடு கட்டவோ வாங்கவோ குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் தடுப்பது குற்றம். ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 100 முதல் 500 ரூபாய் வரை அபராதம். ஆனால் “வேறு ஒருவர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்” என்ற வாக்கியத்தின் மேல் எப்படி வழக்குப் போடுவது? இன்னொரு பக்கம், 2005இல் அகமதாபாத் பார்சி வீட்டுவசதிச் சங்க வழக்கில், உறுப்பினர் சேர்க்கையைத் தங்கள் சமூகத்தாரோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். அமெரிக்காவில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரலில், நிறத்தைக் காட்டி வீடு விற்க மறுப்பதைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. தரகர், வங்கி, கட்டுநர் எல்லாரையும் கட்டுப்படுத்தும் அப்படியொரு தனிச் சட்டத்தை நாம் கேட்க வேண்டும்.

முன்மாதிரி இங்கேயே உண்டு. 1997இல் அறிவித்த சமத்துவபுரம் திட்டத்தில் 100 வீட்டில் 40 நமக்கு, பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கும் 25 வீதம், மற்றவர்களுக்கு 10. அதற்குள்ளும் குறைகள் உண்டு. ஆனால் பக்கத்து வீட்டில் யார் என்பதைச் சாதி முடிவு செய்யக் கூடாது என்று ஓர் அரசு சொல்ல முடிந்தது. புதிதாக அனுமதி பெறும் மனைப்பிரிவுகளில் ஏன் அதைச் சொல்ல முடியாது?

கடைசியில் எங்கே வாங்கினாய் என்று கேட்கிறீர்கள். செங்கல்பட்டு பக்கம், கொஞ்சம் பழைய மனைப்பிரிவு. நம் பழையசீவரம் ஸ்டேஷனில் ரயில் ஏறினால் அம்மா நேராக வந்து இறங்கிவிடலாம். போகும் முன் ஒரு ஞாயிறு மாலை அந்தத் தெருவில் நடந்தோம். கடைக்காரரிடம் பேசினோம். மாட்டுக்கறிக் கடை எங்கே என்று சத்தமாகவே கேட்டோம். வழி சொன்னார்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் விற்பவரிடம் நானே என் சாதியைச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “சரிம்மா, லோன் எப்ப வரும்?”

அவர் ஒருவரை வைத்து ஊர் மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னதால்தான் அதற்கு முன் இரண்டு வீடு கைவிட்டுப் போனது. சொல்லாமல் வீடு வாங்கியவர்களை நான் குறை சொல்லவும் இல்லை. பிள்ளையோடு நடுத்தெருவில் நிற்கும் பயம் என்னவென்று எனக்குத் தெரியும். வெட்கப்பட வேண்டியவர் கேட்பவர். ஆனால் உங்களுக்கு வாய்ப்பு இருந்தால், ஸ்டேஷன், தண்ணீர், பள்ளிக்கூடம் என்ற பட்டியலில் அம்மாவின் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போன மாதம் குடி போனோம். அம்மாதான் ஆணியும் சுத்தியலும் கொண்டு வந்தது. படம் ஹாலில், வாசலுக்கு நேராக இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சிறுமி வந்து, “ஆன்ட்டி, இது எங்க ஸ்கூல்லயும் இருக்கு” என்றாள். அவள் அம்மா இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. காத்திருக்கிறோம். இப்போதைக்கு எங்கேயும் போவதாக இல்லை.

ஜெய்பீம்.